நீலக்கோட்டுக்குக் கீழே

மாயாண்டியின் வலது கை பெரிய ஆளாகப் போகிறது என்ற செய்தி வந்த அதே வாரத்தில், அந்தக் கைக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. இரண்டுக்கும் காரணம் ஒரே எறிதான்.

மாயாண்டி கமுதிப் பக்கத்து ஆள். துபாயில் சாரம் கட்டும் வேலை. சாரத்தின் இரும்புக் குழாய்களைப் பூட்டுகிற கிளாம்புகளைக் கோணியில் போட்டு, கயிற்றால் மேலே இழுக்க வேண்டும் என்பது சைட்டின் சட்டம். கோணி ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் ஃபோர்மேன் பத்துத் தடவை கத்துவான் என்பது சைட்டின் நடைமுறை. ஆகவே கீழே நிற்கிற மாயாண்டி கிளாம்பை எடுத்து விசிறுவான். மூன்றாவது தளத்தில் குழாயைக் காலால் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வங்காளதேசத்து அஹ்சன் அதைக் காற்றிலேயே பிடித்துவிடுவான். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த சொற்கள் ‘பாய்’, ‘ஜல்தி’ இரண்டும்தான். அவற்றை வைத்துக்கொண்டே முழுக் கட்டிடங்களுக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். ஒரு கிளாம்பும் கீழே விழுந்ததில்லை.

பாதுகாப்பு அதிகாரி இதை ஒளிந்து நின்று வீடியோ எடுத்தார். “இப்படிச் செய்யாதீர்கள்” என்று தலைப்புப் போட்டு எல்லா சைட்டுகளுக்கும் அனுப்பினார்; மாயாண்டிக்கு எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறி, புதிதாகப் பேஸ்பால் லீக் தொடங்கியிருந்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் பார்த்துவிட்டு, “இப்படித்தான் செய்ய வேண்டும்” என்றார்கள்.

பேஸ்பாலைப் பற்றி நாம் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பந்தை எறிகிறவன் ஒருவன், தடியால் அடிக்கிறவன் ஒருவன், ஆனால் அது கிரிக்கெட் இல்லை. வளைகுடாவில் அதை ஆடவும் ஆளில்லை, பார்க்கவும் ஆளில்லை, மைதானம் மட்டும் தயாராக இருந்தது. இந்த ஊரில் அதெல்லாம் ஒரு குறையே அல்ல. இங்கே கட்டிடம் முதலில் வரும், தேவை பிறகு விமானம் ஏறி வரும். பெரிய லீக்குக்கு ஆள் பழக்குகிற சின்ன லீக் இது. இதில் சேர்க்கப்படுகிறவனுக்கு ‘ப்ராஸ்பெக்ட்’ என்று பட்டம். இன்னும் ஒன்றும் ஆகாதவன்; ஏதோ ஆகிவிடுவான் என்று சொல்லியிருப்பதால் எதுவும் கேட்கக் கூடாதவன்.

மாயாண்டியின் விசா, ஆள் சப்ளை செய்யும் ஒரு கம்பெனியின் பெயரில் இருந்தது. அதன் கோஆர்டினேட்டர் கௌஸ் முகம்மது, ஆம்பூர்க்காரர். ஒப்பந்தம் பேசி முடித்துவிட்டுத் தொழிலாளர் கேம்ப்புக்கு வந்தவரின் முகம் பூரித்துப் போயிருந்தது.

“இத பாரு மாயாண்டி. நம்ம கம்பெனி வெல்டர் சப்ளை பண்ணிருக்கு, கிளீனர் சப்ளை பண்ணிருக்கு. கை மட்டும் சப்ளை பண்றது இதான் ஃபர்ஸ்ட் டைம். கம்பெனி பேரைக் கெடுத்துடாத.”

“கை மட்டுமாண்ணே?”

“அவுங்களுக்கு வேண்டியது வலது கை. மீதி ஆளை அவுங்க என்ன பண்ணுவாங்க? மீதி நம்ம கம்பெனிதான். கைக்கு வைத்தியம் லீக்ல, மத்ததுக்கெல்லாம் நம்ம கிளினிக்ல. பக்கா அக்ரிமெண்டு.”

“அப்ப நானு?”

“நீ கைகூடப் போய்ட்டு வா.”

லீக்கின் மருத்துவ இயக்குநர் டாக்டர் வெஸ்ட்கேட். அழகான பற்கள், அதைவிட அழகான சொற்கள். முதல் நாள் மாயாண்டியைச் சட்டையைக் கழற்றச் சொல்லி மேடையில் நிறுத்தி, கூடியிருந்தவர்களிடம் உரையாற்றினார். கௌஸ் முகம்மது பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார்.

“எங்கள் லீக்கின் மருத்துவக் கொள்கை உலகத்திலேயே மனிதத்தன்மை மிக்கது. நாங்கள் வீரனை வெறும் உறுப்பாகப் பார்ப்பதில்லை. முழு மனிதனாகப் பார்க்கிறோம்.”

இதைச் சொல்லிக்கொண்டே பையிலிருந்து அழியாத மை பேனா ஒன்றை எடுத்து, மாயாண்டியின் வலது தோளைச் சுற்றி ஒரு நீலக்கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே லீக். மேலே கம்பெனி. கூட்டம் கைதட்டியது. மாயாண்டியும் தட்டப் போனான். வலது கையை இப்படியெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு உதவியாளர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்தக் கைக்கு வந்த வாழ்வைச் சொல்லி மாளாது. காலையில் எண்ணெய், மாலையில் ஐஸ் தொட்டி, நடுவில் ஒருவர் வந்து விரல் விரலாகப் பிடித்துவிடுவார். கேம்ப் பஸ்ஸில் ஏசி கிடையாது. கை வெப்பத்தில் வாடக் கூடாதே என்று, குளிர்ப்பைகள் வைத்து மூடுகிற ஒரு உறையைச் சத்வா கடைத்தெருத் தையல்காரர் ஒருவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினார்கள். மத்தியான பஸ்ஸில் மாயாண்டியின் உடம்பெல்லாம் வேர்வை ஆறாக ஓடும். கை மட்டும் ஊட்டியில் இருக்கும். அறைக்குள் நுழைந்தால் கூட இருப்பவர்கள் எழுந்து நின்று, “கை ஐயா வர்றாரு, வழிவிடுங்கப்பா” என்பார்கள். கீழ்க்கட்டில்காரர் கட்டிலையே விட்டுக்கொடுத்தார். ஏணிக் கம்பியைப் பிடித்து ஏறுவது கைக்கு ஆகாது என்று மேலிடத்து உத்தரவு.

ஒருமுறை மாயாண்டிக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது. லீக் மருத்துவர்கள் பதறியடித்து வந்தார்கள். வலது கையில் மட்டும் வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். “கை சற்றுச் சூடாக உள்ளது” என்று சொல்லி, கையை ஐஸில் வைத்துவிட்டுப் போனார்கள். மீதி மாயாண்டி கம்பெனி கிளினிக் வரிசையில் நின்று, ஒரு பனடால் வாங்கி விழுங்கிவிட்டுப் படுத்தான். மறுநாள் லீக் வெளியிட்ட அறிக்கையில் கை பூரண நலம் என்று இருந்தது. அது பொய்யும் அல்ல.

தினமும் பயிற்சி முடிந்ததும் டாக்டர் வெஸ்ட்கேட் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருவார். “கை எப்படி இருக்கிறது?”

“குட் சார்” என்பான் மாயாண்டி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கேம்ப்பில் வாழ்ந்தவனுக்கு அதிகாரி யாராவது “எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டால் வாயில் வருகிற பதில் ஒன்றுதான். “தமாம்”, “குட் சார்”, “நோ ப்ராப்ளம்”. அது பதில்கூட இல்லை, தும்மல் மாதிரி தானாக வருவது. உடம்பு சரியில்லை என்றால் சம்பளம் வெட்டுவார்கள், அடிக்கடி சொன்னால் விசாவை வெட்டுவார்கள். ஆகவே காலில் ஆணி ஏறியவனும் நொண்டிக்கொண்டே வந்து “குட் சார்” என்பான். இந்தப் பாடத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததும் இதே மாதிரி டை கட்டிய கனவான்கள்தான். இப்போது உண்மையைச் சொல் என்றால் அவன் எந்த வாயால் சொல்வான்?

சுவரில் ஒரு படம் வேறு மாட்டியிருந்தார்கள். வரிசையாக முகங்கள், சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம்வரை. உன் கை எந்த முகத்தில் இருக்கிறது என்று தொட்டுக் காட்ட வேண்டும். பெரிய மனிதர்கள் முன்னால் அழுகிற முகத்தைத் தொடுவது மரியாதை இல்லை என்று மாயாண்டி தினமும் சிரிக்கிற முகத்தையே தொட்டான். மருத்துவக் குழு அதைக் கணினியில் ஏற்றி, ‘மகிழ்ச்சியான கை’ என்று ஒரு வரைபடமே தயாரித்துவிட்டது.

அந்த மகிழ்ச்சியான கையில் வலி தொடங்கிப் பல நாள் ஆகியிருந்தது. கழுத்தின் பின்புறம் சுருக்கென்று கிளம்பி, தோளில் இறங்கி, கட்டைவிரல்வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி ஓடும். பிறகு விரல்கள் மரத்துப்போகும். சட்டைப் பித்தான் போட முடியவில்லை. பந்து எறிகிறபோது விரல்கள் அதை எப்போது விட்டன என்றே தெரியவில்லை. நாளெல்லாம் எறியச் சொன்னார்கள், எறிந்தான். கேட்டபோது “குட் சார்” என்றான்.

ஊரில் மனைவி நாகவள்ளிதான் முதலில் கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை வீடியோ காலில் பேசிக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“ஏங்க, சோத்த எந்தக் கையில திங்கிறீக?”

மாயாண்டி இடது கையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டான்.

“போன்ல எடவலம் மாறித் தெரியுதுன்னு மட்டும் சொல்லிறாதீக. அந்தக் கைய மேல தூக்குங்க பாப்போம்.”

தூக்கினான். தோள் உயரம் வந்ததும் கை நடுங்கியது. நாகவள்ளி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “நாம கட்டட வேல பாக்குறவக. கையி போனா என்னத்தங்க வச்சுப் பொழைக்கிறது? நாளைக்கே போயி டாக்டருகிட்ட உள்ளதச் சொல்லுங்க. சிரிச்சுக்கிட்டு நிக்காதீக.”

மறுநாள் அவன் அழுகிற முகத்தைத் தொட்டான். கௌஸ் முகம்மதுவுக்கு ஆள் அனுப்பினார்கள்.

“சார், வலிக்குது சார்” என்றான் மாயாண்டி.

டாக்டர் வெஸ்ட்கேட் கனிவோடு சிரித்தார். “எங்கள் லீக்கில் அந்தச் சொல் கிடையாது. இறுக்கம் உண்டு, களைப்பு உண்டு, தற்காலிகமாகக் கிடைக்காமை உண்டு. இந்த மூன்றில் எது?”

“எதுன்னு தெரியல சார். இங்கிட்டு ஆரம்பிச்சு…” என்று மாயாண்டி கழுத்தைக் காட்டினான்.

டாக்டர் சட்டென்று கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். “அது கோட்டுக்கு மேலே. அதை நான் பார்த்ததாகவே இருக்கக் கூடாது. அடுத்தவர் பொறுப்பில் தலையிடுவது மருத்துவ நெறிக்கு விரோதம்.”

கம்பெனி கிளினிக்கில் நர்ஸ் தேவகனி இருந்தாள். மணப்பாட்டுப் பெண். தமிழ்க் குரல் கேட்டதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“என்னண்ணே செய்யுது? கழுத்துல இருந்து கீழ இறங்குதா? எத்தன நாளா இருக்கு? ஐயோ, இவ்வளவு நாளா சும்மாவா இருந்திய?”

உள்ளே போய் டாக்டர் இஃப்பத்திடம் சொன்னாள். அந்த அம்மையார் நல்லவர். வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் பனடால் எழுதுவதற்கே அவருக்குப் பொழுது போதவில்லை. மாயாண்டியை ஒரு பார்வை பார்த்து, “எங்கே வலிக்கிறது?” என்று கேட்டார்.

“கையில மேடம்.”

“கை எங்களுடையது இல்லையே.”

“கழுத்துல இருந்து வருதுங்க.”

“கழுத்து எங்களுடையதுதான். ஆனால் கழுத்துக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றால் நீ உயரத்திலிருந்து விழுந்திருக்க வேண்டும். விழுந்தாயா?”

“இல்லீங்க.”

“பார்த்தாயா” என்றார் டாக்டர் இஃப்பத், உண்மையான வருத்தத்தோடு.

தேவகனி விடவில்லை. இருபக்கமும் போன் போட்டுப் போட்டு, கடைசியில் ஒரு கூட்டுக் கூட்டம் ஏற்பாடானது. மேஜைக்கு ஒருபுறம் லீக், மறுபுறம் கம்பெனி, நடுவில் ஸ்டூலில் சட்டையில்லாமல் மாயாண்டி. குளித்துக் குளித்து மங்கியிருந்த நீலக்கோட்டை முதலில் புதுப்பித்தார்கள். பிறகு தேநீர் வந்தது. மாயாண்டிக்கு வந்த கோப்பையை வலது கையில் வாங்கப் போய்த் தரையில் கொட்டினான். சுத்தம் செய்ய வந்தவர் கம்பெனி ஆளா லீக் ஆளா என்பதில் கொஞ்ச நேரம் போனது.

“வலி தென்படுவது கையில்” என்றது கம்பெனி. “புறப்படுவது கழுத்தில்” என்றது லீக். நேரம் ஓடியது. அப்போது கௌஸ் முகம்மது எழுந்தார். விசா விவகாரங்களில் ஊறிய மனுஷர். அவர் முகத்தில் ஒரு ஒளி.

“சார், மேடம், ரொம்ப சிம்பிள் கேஸ். இந்த வலி பொறந்தது நம்ம கம்பெனில. அப்ப அதோட விசா நம்ம விசா. ஆனா அது என்ன பண்ணுது? நமக்குச் சொல்லாமக் கொள்ளாம, கோட்டத் தாண்டி, லீக்ல போய் வேலை பாக்குது. இதுக்கு இந்த ஊருல என்ன பேரு? அப்ஸ்காண்டிங். ஓடிப்போன ஆளுக்கு, விசா குடுக்குற கஃபீல் ரெண்டு பேரும் பொறுப்பில்ல. கலாஸ்.”

எல்லாரும் எழுந்து அவர் கையைக் குலுக்கினார்கள். அவ்வளவு தெளிவான மருத்துவ விளக்கத்தை டாக்டர் வெஸ்ட்கேட் தம் வாழ்நாளில் கேட்டதில்லையாம்.

“அண்ணே, வலி ஓடிப்போகலண்ணே. இங்கனதான் இருக்கு” என்றான் மாயாண்டி. கூட்டம் கலைந்திருந்தது.

இந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து முழங்கை நிபுணர் ஒருவர் வந்து இறங்கினார். வரவேற்பு, விருந்து, ஒட்டகச் சவாரி எல்லாம் நடந்தது. நிபுணர் வந்தாயிற்று, இனி ஒரு முழங்கை வேண்டும். எறிகிறவனின் முழங்கை எலும்புகளைப் பிணைக்கிற நாண் என்றைக்காவது ஒருநாள் கிழியத்தான் போகிறது, கிழிவதற்கு முன்பே மாற்றிவிடுவதுதான் முன்னேறிய நாட்டு வழக்கம் என்று டாக்டர் வெஸ்ட்கேட் விளக்கினார். மாயாண்டியின் முழங்கையைப் படம் எடுத்தார்கள். கழுத்து வந்துவிடாதபடி ஜாக்கிரதையாக எடுத்தார்கள். நாண் பழுதில்லாமல் இருந்தது. “அறுவைக்கு மிகவும் ஏற்ற நிலையில் இருக்கிறது” என்றார் நிபுணர்.

ஒரே ஒரு சிக்கல். புது நாணை ஆளின் காலிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். கால் கம்பெனியுடையது. கௌஸ் முகம்மது மூன்று அலுவலகம் ஏறி இறங்கி, இடது காலின் நாண் ஒன்று லீக்குக்கு மாற்றலாகிப் போவதில் கம்பெனிக்கு ஆட்சேபம் இல்லை என்று என்.ஓ.சி. வாங்கிவந்தார். இவ்வளவு வேகமாக என்.ஓ.சி. கிடைத்ததை கேம்ப்பில் யாரும் பார்த்ததில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் அந்த இடது காலை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

தேவகனி கேள்விப்பட்டு டூட்டி முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள்.

“அண்ணே, முழங்கை வலிக்குன்னு நீங்க எப்பமாவது சொன்னியளா?”

“இல்லம்மா.”

“பொறவு எதுக்குக் கையெழுத்துப் போட்டிய?”

“பெரிய டாக்டரு, பிளேனு புடிச்சு வந்துருக்காரு. வேணாம்னா விசாவ கேன்சல் பண்ணிருவோம்னு சொல்றாய்ங்க. குட் சார்னு சொல்லிட்டேன்.”

தேவகனி தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அறுவை மாபெரும் வெற்றி. பத்திரிகையாளர் கூட்டத்தில் நிபுணர், இப்படி ஒரு தையலைத் தாமே போட்டதில்லை என்றார். டாக்டர் வெஸ்ட்கேட் உருக்கமாகப் பேசினார். “ஒரு சாதாரணத் தொழிலாளியின் கைக்கு உலகத்தின் மிகச் சிறந்த சிகிச்சை கிடைத்திருக்கிறது. கை தேறிவருகிறது. கையின் மன உறுதி எங்களை வியக்க வைக்கிறது.” ஒரு நிருபர் மட்டும், மாயாண்டி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். டாக்டருக்குப் பெயர் உடனே பிடிபடவில்லை. “அது குறித்துக் கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்” என்றார்.

கட்டுப் பிரித்தபோது முழங்கை புத்தம்புதிதாக இருந்தது. விரல்கள் மடங்கவில்லை. கழுத்திலிருந்து வந்துகொண்டிருந்த வலி நிற்காமல் வந்துகொண்டிருந்தது; இப்போது இடது கால் வேறு இழுத்தது.

அடுத்த மாதம் லீக் வேறு நாட்டுக்குக் கிளம்பியது. அங்கே இதைவிடப் பெரிய மைதானம் காலியாக இருந்ததாம். கிளம்புவதற்கு முன் ப்ராஸ்பெக்ட்கள் எல்லாரையும் ‘விடுவிப்பதில் பெருமை’ அடைந்தார்கள். மைதானத்துப் புல்லுக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள். அது ஒரு வாரத்தில் மணலாகப் போனது.

மாயாண்டி பழைய சைட்டுக்கே திரும்பினான். மேலே அஹ்சன் அதே மாதிரி குழாயைக் காலால் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாயாண்டியைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, இரண்டு கைகளையும் நீட்டினான்.

“பாய்! ஜல்தி!”

மாயாண்டி கிளாம்பை எடுத்தான். கை தோள்வரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. கிளாம்பு விரல்களிலிருந்து நழுவி அவன் பூட்ஸின்மேல் விழுந்தது. அஹ்சன் நீட்டிய கைகளோடு அப்படியே இருந்தான். பிறகு கயிற்றைக் கீழே இறக்கினான். மாயாண்டி கிளாம்புகளை ஒவ்வொன்றாக இடது கையால் பொறுக்கிக் கோணியில் போட்டான்.

பாதுகாப்பு அதிகாரி இதையும் ஒளிந்து நின்று வீடியோ எடுத்தார். மாதக் கடைசியில் சைட்டில் பந்தல் போட்டு, சிறந்த பாதுகாப்புத் தொழிலாளி விருதை மாயாண்டிக்கு அறிவித்தார்கள். அதிகாரி ஒலிபெருக்கியில் முழங்கினார்.

“இந்த மனிதர் ஒரு காலத்தில் கிளாம்பை எறிந்தவர்! நாங்கள் எச்சரித்தோம், பயிற்சி கொடுத்தோம், விடாமல் கண்காணித்தோம். இன்று அவர் ஒரு கிளாம்பைக்கூட எறிவதில்லை. மனிதனை மாற்ற முடியும் என்பதற்கு இவர் கையே சாட்சி!”

சான்றிதழை நீட்டினார்கள். பழக்க தோஷத்தில் மாயாண்டி வலது கையால் வாங்கினான். அது நழுவி மணலில் விழுந்தது. அதிகாரி பெருந்தன்மையோடு குனிந்து எடுத்து, தூசி தட்டி, அவன் இடது கையில் சொருகினார். பரிசாக ஒரு ஹாட் பாக்ஸும் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். அஹ்சன் தட்டவில்லை.

“எப்படி இருக்கிறது?” என்று அதிகாரி கேட்டார்.

“குட் சார்” என்றான் மாயாண்டி.

பந்தல் பிரிக்கும்போது கௌஸ் முகம்மதுவைத் தேடிப் போனான். “அண்ணே, ஒண்ணு கேக்கணும். இந்தக் கையி இப்ப யாரோடதுண்ணே? வைத்தியத்துக்கு யாருகிட்ட நிக்கிறது?”

கௌஸ் முகம்மது இதற்குத் தயாராகவே இருந்தார். அவன் தோளில் அன்போடு கை போட்டார்.

“எல்லாம் செட்டில் பண்ணிட்டேன்ப்பா. லீக் கேன்சல் குடுத்துடுச்சு. ரிப்பேர் பண்ணின கைய நாங்க திரும்ப எடுக்க மாட்டோம்னு கம்பெனியும் சொல்லிடுச்சு. கலாஸ். இனிமே உன் கை உன்னோடதுதான். யாரும் கேக்க முடியாது.”

பஸ் ஹாரன் அடித்தது. மாயாண்டி ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்தான். ஹாட் பாக்ஸைக் கீழே வைத்தான். பிறகு இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.